வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எந்த அடாப்டர்: பின் பொருந்துவதை மட்டும் நம்பாதீர்கள்

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, மேசைமேல் நிறுத்திவைக்கும் பெரிய வகை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று உங்களிடம் இருக்கிறது. வீடு மாறியபோது அதன் அடாப்டர் தொலைந்துவிட்டது. பெட்டியின் அடியில் இருந்த ஸ்டிக்கரில் எழுத்து தேய்ந்து ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இருப்பவை மூன்று அடாப்டர்கள்: ரூட்டருடன் வந்த 12 வோல்ட் 1 ஆம்பியர், பழைய லேப்டாப்பின் 19 வோல்ட், எதற்கு வாங்கியது என்று நினைவில்லாத, கல் போலக் கனமான 12 வோல்ட் ஒன்று. மூன்றின் பின்னும், அதாவது கேபிள் முனையில் இருக்கும் செருகியும், சாக்கெட்டுக்குள் போகிறது, எதைச் செருகலாம் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், அப்பாவின் படங்கள் இந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே எந்த அடாப்டர் பொருந்தும் என்பது உங்கள் உண்மையான கேள்வி அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே பிரதியாக இருக்கும் அந்தப் படங்களை எரித்துவிடாமல் டிஸ்க்கை எப்படி ஓடவைப்பது என்பதே கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து மூன்றில் எதையும் செருக வேண்டாம். சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினிப் பழுது பார்க்கிறேன்; அதில் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க்குகளோடுதான் கழிந்திருக்கிறது. அசையாமல் கிடக்கிறது என்று என் மேசைக்கு வந்த வெளி டிஸ்க்குகளில் கணிசமானவை வயதாகி நின்றவை அல்ல. சாக்கெட்டில் அழகாகப் பொருந்திய தவறான அடாப்டரால் ஒரு நொடியில் எரிந்தவை. பரவலாகப் புழங்கும் பின் அளவுகள் சிலவே. அதன் வழியே வரும் மின்சாரமோ 5 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். பின் உள்ளே போனது என்பதற்கு, பின் உள்ளே போனது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். கைக்குள் அடங்கும் சிறிய வகை வெளி டிஸ்க்குகளில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். அது முழுவதும் 5 வோல்ட்டிலேயே ஓடும் என்பதால் யூ.எஸ்.பி. கேபிளே அதற்குப் போதும். உங்களுடையது போன்ற பெரிய பெட்டிக்குள் இருப்பது மேசைக் கணினியில் போடும் அதே 3.5 அங்குல டிஸ்க். அதற்கு இரண்டு மின்னழுத்தங்கள் வேண்டும்: தட்டுகளைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட், போர்டில் உள்ள சில்லுகளுக்கு 5 வோல்ட். சாதாரண யூ.எஸ்.பி.யில் 12 வோல்ட் வராது. அதனால்தான் தனி அடாப்டர். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை அடாப்டரிலிருந்து 12 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் சிறு போர்டில் 5 வோல்ட்டைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கு முந்தைய பெட்டிகள் சில, இரண்டு மின்னழுத்தங்களையும் அடாப்டரிலிருந்தே தனித்தனிக் கம்பிகளில் வாங்கின. அவற்றின் பின் உருண்டையாக, உள்ளே நான்கு முதல் ஆறு ஊசிகளோடு இருக்கும். உங்கள் சாக்கெட்டின் நடுவில் ஒரே ஊசி நிற்கிறது என்று எழுதியிருப்பதால் முதல் வகை என்றே கொள்ளலாம். உருண்டைப் பின் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐயமின்றிச் சொல்லக்கூடியவை இரண்டு. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையத்தான் கூடாது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். 5 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் டிஸ்க்குக்குள் 5 ஆம்பியர் பாய்ந்து எரித்துவிடும் என்று பயந்து, ஆம்பியரை இம்மி பிசகாமல் பொருத்தப் பார்ப்பார்கள்; வோல்ட்டை மட்டும் "கிட்டத்தட்ட இருந்தால் போதும்" என்று விட்டுவிடுவார்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு, அவ்வளவுதான். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வருவதைப் போல, டிஸ்க் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியல்ல. அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல் உள்ளே வந்து நிற்கும் அழுத்தம்.

லேப்டாப் அடாப்டரைத் தொடவே வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் வழியில் பொதுவாகப் பத்து விழுக்காடு ஏற்ற இறக்கத்தையும், 5 வோல்ட் வழியில் ஐந்து விழுக்காட்டையும் தாங்கும்படி செய்யப்பட்டது. 19 வோல்ட் என்பது ஏறத்தாழ அறுபது விழுக்காடு கூடுதல். ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த டிஸ்க்கை இன்னும் மறக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்ததும் எரிந்த பிசின் வாடை. டிஸ்க்கின் அடிப்போர்டில், மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகே, அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சதுரம் ஒன்றின் நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அது காப்பு டையோடு. அழுத்தம் எல்லை மீறும்போது தானே ஷார்ட் ஆகி, பின்னால் இருக்கும் சில்லுகளைக் காப்பாற்றுவதற்காகவே அங்கே வைக்கப்படுவது. அன்று அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. டையோடைக் கழற்றிவிட்டு, சரியான 12 வோல்ட் கொடுத்ததும் டிஸ்க் சுழன்றது; படங்கள் முழுவதும் கிடைத்தன. அதே வாரம் அதே தவறோடு வந்த இன்னொரு டிஸ்க்கில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெட்டியின் போர்டில் 5 வோல்ட் தயாரிக்கும் சில்லு உடைந்து, உள்ளே வந்த 19 வோல்ட்டும் நேராக 5 வோல்ட் வழிக்குள் போய்விட்டது. அந்த வழியில்தான் டிஸ்க்கின் உறைக்குள்ளே, படிக்கும் தலையோடு ஒட்டியிருக்கும் நுண்ணிய பெருக்கிச் சில்லு இருக்கிறது. அது போனால் தூசியில்லாத அறையில் உறையைத் திறந்து தலையையே மாற்ற வேண்டும். அது என் மேசையில் நடக்கும் வேலை அல்ல.

போர்டு எரிந்துவிட்டால் அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று பலரும் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் பெரும்பாலும் போர்டில் உள்ள எட்டுக்கால் நினைவகச் சில்லு ஒன்றில் பதிந்திருக்கும். பழைய போர்டிலிருந்து அதைக் கழற்றிப் புதியதில் சோல்டர் செய்யாமல் போர்டை மாற்றினால் டிஸ்க் சுழலும், ஆனால் படிக்காது. எரிந்த போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு வருபவர்களிடம் இதைச் சொல்லும்போது மனம் கனத்துவிடுகிறது. எது எரிந்தாலும் எதையும் எறியாதீர்கள்.

இனி ரூட்டர் அடாப்டர். அதில் வோல்ட் சரி, குறைவது ஆம்பியர். ஓய்வில் இருக்கும் கனமான தட்டுகளை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு டிஸ்க் முதல் சில நொடிகளில் நிறைய மின்சாரம் இழுக்கும். 7200 சுற்று டிஸ்க்குகள் பல அந்த நேரத்தில் 12 வோல்ட் வழியில் மட்டும் 2 ஆம்பியர் அளவுக்குப் போகும். மெதுவாகச் சுழலும் வகைகள் அதைவிடக் குறைவாக எடுக்கும். வேகம் நிலைபெற்றபின் அரை ஆம்பியரை ஒட்டித்தான் ஓடும். இதோடு 5 வோல்ட் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். அங்கே 0.7 ஆம்பியர் என்றால் 3.5 வாட், 12 வோல்ட்டிலிருந்து அதைத் தயாரிக்க, இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர் கூடுதலாக வேண்டும். டிஸ்க்கின் முகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே அரை ஆம்பியர் போல ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம் என்று முடிவுசெய்பவர்கள் உண்டு. அந்த எண் பெரும்பாலும் ஓடும்போது எடுக்கும் அளவு. கிளம்பும்போது எடுப்பது அதில் இருக்காது.

ஆம்பியர் குறைந்தால் டிஸ்க் உடனே எரிந்துவிடாது. சுழல முயலும், அழுத்தம் சரியும், டிஸ்க் நின்றுவிடும், மறுபடி முயலும். "விர்" என்று எழும்பி "டிக்" என்று அடங்குவது சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்கும். அல்லது எப்படியோ கிளம்பி, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது பாதியில் கணினியிலிருந்து மறைந்துபோகும். டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டப்பட்டு என்னிடம் வந்த பல பெட்டிகளுக்கு நான் செய்த ஒரே வைத்தியம் அடாப்டரை மாற்றியதுதான். ஆனாலும் இதைச் சோதனையாகக் கூட நீடிக்க விடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சரிந்தால் கோப்பு அமைப்பு சிதையும். படிக்கும் தலை ஒவ்வொரு முறையும் அவசரமாகத் தன் இருப்பிடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அது பழைய டிஸ்க்குக்கு நல்லதல்ல.

மூன்றாவது, அந்தக் கனமான அடாப்டர். கனமாக இருப்பதை வலுவுக்கு அடையாளமாக எண்ண வேண்டாம். உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்பதற்கே அது அடையாளம். இந்தப் பழைய வகையில் பெரும்பாலானவை தம் அழுத்தத்தை நிலைப்படுத்துவதில்லை. 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். சுமை இல்லாதபோது, அதாவது எந்தக் கருவியையும் ஓட்டாதபோது, வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 16, 17 வோல்ட் கூடக் காட்டும். சுமை ஏறினால் இறங்கிவிடும். அது மட்டுமல்ல, இந்த வடிவத்தில் நேர்மின்சாரம் (டி.சி.) கொடுக்காமல் மாறுமின்சாரத்தையே (ஏ.சி.) வெளியே அனுப்பும் அடாப்டர்களும் உண்டு. பழைய மோடம்கள் சிலவற்றோடு அவை வந்தன. அடாப்டரின் வெளியீட்டு வரியில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் நேர்மின்சாரம். அலை போன்ற வளைகோடு இருந்தால் மாறுமின்சாரம். உள்ளீட்டு வரியில் அலைக்கோடு இருப்பது இயல்பு. வெளியீட்டு வரியைத்தான் பார்க்க வேண்டும். உங்களுடையதில் எது இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் அதை ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

வெளியீட்டு வரிக்கு அருகிலேயே இன்னொரு குறியும் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றித் திறந்த வட்டம், இரு பக்கமும் பிளஸ், மைனஸ் குறிகள். நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு பிளஸ்ஸில் முடிந்தால் பின்னின் உட்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ். ஒற்றை ஊசி கொண்ட ஹார்ட் டிஸ்க் பெட்டிகளில் நான் பார்த்தவை அனைத்தும் நடு பிளஸ் வகையே. ஆயினும் சாக்கெட்டின் அருகில் இதே குறி பெட்டியிலும் அச்சாகியோ, பிளாஸ்டிக்கில் புடைப்பாகவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாய்வாக வெளிச்சம் விழும்போதுதான் அது தெரியும்.

பின்னின் அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும்: வெளி விட்டம், உள் துளையின் விட்டம். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது மிகப் பரவலானது. ஆனால் உள் துளை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரு வகையாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சாக்கெட்டின் ஊசி 2.5 ஆக இருந்து பின் 2.1 ஆக இருந்தால் உள்ளே போகாது, அதனால் தீங்கில்லை. தொல்லை மற்ற வகையில்தான். ஊசி 2.1, பின்னின் துளை 2.5 என்றால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், விளக்கும் எரியும், ஆனால் ஊசியை இறுகப் பற்றாது. மேசையைத் தட்டினாலோ கேபிள் அசைந்தாலோ தொடர்பு விட்டுவிட்டு வரும். டிஸ்க்குக்கு அது நொடிக்கொரு மின்வெட்டு. நுண்ணிய அளவு எடுக்கும் வெர்னியர் இல்லாவிட்டால் 2.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைப் பின்னின் துளையில் விட்டுப் பாருங்கள். போனால் 2.5, போகாவிட்டால் 2.1. இதைச் செய்யும்போது அடாப்டர் சுவரில் செருகியிருக்கக் கூடாது.

எந்த அடாப்டரை வாங்கினாலும், அது புதியதாக இருந்தாலும், டிஸ்க்கில் செருகும் முன் ஒரு மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். நேர்மின்சாரம் 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொட்டால் 12-ஐ ஒட்டிய எண் வர வேண்டும். எண்ணுக்கு முன் மைனஸ் வந்தால் துருவம் தலைகீழ். ஆனால் இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் நானே இதை நம்பி ஏமாந்திருக்கிறேன். வெறும் மீட்டரில் 12.1 காட்டிய அடாப்டரைச் சரி என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு நாட்கள் டிஸ்க்கிலேயே குறை தேடினேன். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) காய்ந்துபோன அடாப்டர் சுமை இல்லாதபோது சரியான எண்ணைத்தான் காட்டும். சுமை வைத்தவுடன் சரியும். நம் ஊர் வெயிலில், டிவிக்குப் பின்னால் காற்றில்லாத இடத்தில் பல ஆண்டுகள் கிடந்த அடாப்டர்களுக்கு இது சாதாரணமாக நேர்வது. அதனால் இப்போது நான் பைக் இண்டிகேட்டர் பல்பைச் சுமையாக வைத்துப் பார்க்கிறேன். 12 வோல்ட் 10 வாட் பழைய வகை இழை பல்பு ஒன்று 0.83 ஆம்பியர் எடுக்கும். இரண்டை இணையாக வைத்தால் 1.7 ஆம்பியரை நெருங்கும். பல்பு நிலையாக எரியும்போது பின்னில் அழுத்தம் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் அடாப்டர் சூடாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கக் கூடாது. பல்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், நல்ல அடாப்டரும் சில வேளை முதலில் ஒருமுறை கண்சிமிட்டும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். வெளியீட்டில் கலந்திருக்கும் அதிர்வலையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும், வீட்டில் அது தேவைப்படும் நிலை அரிது.

ஸ்டிக்கர் அழிந்துவிட்ட உங்கள் பெட்டிக்கு 12 வோல்ட்தான் என்பதை எப்படி உறுதிசெய்வது? பெட்டியின் அடியில் ரப்பர் பாதங்களுக்குக் கீழே மாடல் எண் சில வேளை மறைந்திருக்கும். டிஸ்க் வாங்கிய காலத்து அட்டைப்பெட்டி, ரசீது இருந்தால் அவற்றிலும் இருக்கும். மாடல் எண் கிடைத்தால் தயாரிப்பாளரின் கையேட்டில் அடாப்டர் அளவு இருக்கும். விற்பனைத் தளங்களில் "இதற்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஒப்பீட்டுக்குச் சொன்னால், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் வரிசையில் ஒற்றை டிஸ்க் கொண்ட பெட்டிகள் பலவும் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் அடாப்டரோடு வந்தவை. கிளம்பும்போது 2 ஆம்பியர் வரை போகலாம் என்றேனே, 1.5 எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிகளில் மெதுவாகச் சுழலும் டிஸ்க்குகள் நிறைய இருந்தன. தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த அடாப்டரும் சில நொடி உச்சத்தைத் தாங்கும்படி அமைந்தது. உள்ளே எந்த டிஸ்க் என்று தெரியாத நமக்கு அந்தக் கணக்கு உதவாது. 2 ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குவதே முறை. இரண்டு டிஸ்க் அடங்கிய பெட்டி என்றால் 3 ஆம்பியர் அல்லது அதற்கு மேல்.

மாடல் எண்ணும் கிடைக்கவில்லை என்றால் பெட்டியைத் திறந்து, சாக்கெட்டுக்கு அருகே அதன் ஊசியோடு நேராக இணைந்திருக்கும் மின்தேக்கியைப் பாருங்கள். அதன் உடலில் 16 வோல்ட் அல்லது 25 வோல்ட் என்று இருந்தால் 12 வோல்ட் உள்ளீட்டோடு ஒத்துப்போகிறது, 6.3 அல்லது 10 வோல்ட் என்று இருந்தால் அந்தச் சாக்கெட்டில் 12 வோல்ட் கொடுக்கவே கூடாது, அது பெரும்பாலும் 5 வோல்ட் பெட்டி. இதில் இரண்டாவது கூற்று உறுதியானது. முதலாவது வெறும் அடையாளம். 25 வோல்ட் மின்தேக்கியை 19 வோல்ட் கருவியிலும் போடுவார்கள். உள்ளே இருப்பது ஒற்றை 3.5 அங்குல டிஸ்க், சாக்கெட்டில் ஒற்றை ஊசி, மின்தேக்கி 16 வோல்ட் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் 12 வோல்ட் என்று நான் துணிந்து கொடுப்பேன்.

உருண்டைப் பின் வைத்திருப்பவர்களுக்கு: அந்த வடிவம் ஒன்று, உள்ளே கம்பி வரிசை பல. ஒரு நிறுவனத்தின் அடாப்டரில் 12 வோல்ட் வரும் ஊசியில் இன்னொன்றில் 5 வோல்ட் வரும். மாற்றிச் செருகினால் சில்லு வழிக்குள் 12 வோல்ட் போய்விடும். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். டிஸ்க்குக்குப் போகும் நான்கு கம்பிகளில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்ட். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்பு நிலையில் வைத்து, ஒவ்வொரு கம்பியும் சாக்கெட்டின் எந்த ஊசிக்குப் போகிறது என்று பார்த்துத் தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். இடையில் மின் சுவிட்ச் இருந்தால் அதை அழுத்திய நிலையில் பாருங்கள். பிறகு அடாப்டரின் ஊசிகளை அளந்து அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். சாக்கெட்டும் பின்னும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறும் என்பதை மறக்க வேண்டாம். அனுபவம் உள்ளவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

பெட்டியைத் திறந்துவிட்டால் அடாப்டர் தேடுவதையே விட்டுவிட்டு, டிஸ்க்கை எடுத்து மேசைக் கணினியிலோ, தனக்கென 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா டாக்கிலோ (டிஸ்க்கை நேராகச் செருகிக் கணினியோடு இணைக்கும் தாங்கி) போடலாமே என்று தோன்றும். பல நேரங்களில் இதுவே மிகப் பாதுகாப்பான வழி. மின்சாரம் பற்றிய ஊகம் எதுவும் மிஞ்சாது. ஆனால் இரண்டு விதிவிலக்குகளை முன்பே சொல்லிவிடுகிறேன். மை புக் பெட்டிகள் சில, நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும், பெட்டியின் போர்டிலேயே தரவைப் பூட்டி எழுதுகின்றன. அப்படிப்பட்ட டிஸ்க்கை வெளியே எடுத்துப் பொருத்தினால் வெறும் குப்பையாகத் தெரியும். இரண்டாவது, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட அந்தக் காலப் பெட்டிகள் சில, தரவை எழுதும் சிறு பகுதிகளான செக்டர்களின் அளவை 4096 பைட்டாக மாற்றிக் கணினிக்குக் காட்டின. நேரடியாகப் பொருத்தும்போது கணக்குப் பொருந்தாமல் டிஸ்க் காலியாகத் தெரியும். இரண்டிலும் தரவு எங்கும் போய்விடவில்லை. விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைப் பழைய பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்து, அதற்குச் சரியான அடாப்டரைக் கொடுங்கள். அதனால் பழைய பெட்டியின் போர்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருங்கள்.

கடையில் வாங்கும்போது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையாக இருந்தாலும், சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டரை (கனமான பழைய வகை அல்ல, அழுத்தத்தை நிலைப்படுத்தும் இலகுவான வகை) கேளுங்கள், பெரும்பாலும் 5.5, 2.1 அளவுப் பின்னோடு வரும். அடாப்டரின் உடலில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) குறியும் அதனோடு "ஆர்" எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் நாட்டில் இவ்வகை அடாப்டர்களுக்கு அது கட்டாயம். அந்த எண் இல்லாமல் 2 ஆம்பியர் என்று மட்டும் அச்சிட்டிருப்பவற்றில் பல, பல்பு சோதனையில் ஒன்றரைக்கே மூச்சுவாங்குகின்றன.

முதல்முறை செருகும்போது யூ.எஸ்.பி. கேபிளைக் கணினியில் இணைக்காமல் அடாப்டரை மட்டும் கொடுத்துக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மெல்ல எழும் சீரான சுழற்சி ஒலி, பிறகு படிக்கும் தலை நகரும் இரண்டு மூன்று மெல்லிய கிறுக்கல் ஒலிகள், பிறகு அமைதி, இதுவே ஆரோக்கியம். கணினியோடு இணைத்தால்தான் சுழலும் பெட்டிகளும் உண்டு என்பதால், விளக்கு எரிந்து ஒலி வராவிட்டால் கலங்காமல் கேபிளையும் இணைத்துப் பாருங்கள். தாளம் தவறாத "டக், டக்" ஒலி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சுமையில் சோதித்த அடாப்டரோடும் அந்த ஒலி வந்தால் குறை மின்சாரத்தில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மீட்கக்கூடியதும் போய்விடும். ஓடத் தொடங்கிவிட்டால், வேறு எதையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் அப்பாவின் படங்களை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

இவ்வளவும் உங்கள் சாக்கெட்டை நேரில் பார்க்காமல் எழுதியது. சாக்கெட்டின் நெருக்கமான படம் ஒன்றும், பெட்டியின் அடிப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும் இங்கே போடுங்கள். அழிந்த ஸ்டிக்கரிலும் ஓரிரு எழுத்துகள் கிடைக்கலாம். படத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் கடைக்குப் போகும் முன் பின்னின் அளவையும் ஆம்பியரையும் உறுதிசெய்து எழுதுகிறேன்.